புதன்கிழமை போட்ட தரை

நாற்பத்தாறாயிரத்து எண்ணூறு ரூபாய். புருஷோத்தமன் சார் எனக்குத் தரவேண்டிய கூலி பாக்கி அது.

ஒரகடத்துக்குப் பக்கத்தில் நீலாம்பரி என்று ஒரு குடியிருப்பு இருக்கிறது. கம்பெனிகளின் பெரிய அதிகாரிகள் இருக்கும் இடம். அங்கே நாய்கூட அனுமதி வாங்கித்தான் குரைக்கும். அதில் மூன்றாவது மாடியில் சாருக்கு ஒரு படுக்கையறை வீடு. பழைய தரையைப் பெயர்த்து எறிந்துவிட்டு, கூடத்திலிருந்து குளியலறை வரைக்கும் புது டைல்ஸ் ஒட்டியது நான். முன்பணம் வந்தது, நடுவில் கொஞ்சம் வந்தது. கடைசித் தொகையைக் கேட்கப் போனபோது சார் கையை விரித்துவிட்டார்.

"பாத்ரூம்ல வாட்டம் சரியில்ல இசக்கி. தண்ணி நிக்குது. வூடு பாக்க வர்றவன் எல்லாம் எட்டிப் பாத்துட்டு ஓடிர்றான்."

வாட்டம் என்றால் தரையின் சரிவு. ஊற்றிய தண்ணீர் யாரும் சொல்லாமலே வடிகால் ஓட்டையைத் தேடிப் போக வேண்டும். அதுதான் டைல்ஸ்காரனின் மானம். இருபது வருடத் தொழிலில் என் வாட்டத்தை ஒருத்தரும் குறை சொன்னது கிடையாது. சொன்னவர்கள் உண்டு, நான் ஒத்துக்கொண்டது கிடையாது.

"வாங்க சார், காட்டுதேன்," என்று அவரை மாடிக்குக் கூட்டிப் போனேன். ஒரு மக் தண்ணீரை எடுத்து வீசினேன். சர்ரென்று ஓடி ஓட்டையில் இறங்கியது. "எங்க நிக்கி? சொல்லுங்க."

இதில் ஒரு சங்கதி உண்டு. எங்கே நின்று, எந்தப் பக்கம் பார்த்து, எவ்வளவு வேகமாக வீச வேண்டும் என்பது எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் தெரியும். அப்படி வீசினால் கூரையில்கூட வாட்டம் இருப்பது போலத் தெரியும். சாரும் சேரப்பணஞ்சேரி விவசாயக் குடும்பம். வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சியவர். அவர் மக்கைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தார்.

"அவ்ளோ நம்பிக்கையா? அப்ப நீயே இங்க குடியிருந்து குளிச்சுப் பாரு. வாடகை பதிமூணாயிரம், மெயின்டெனன்ஸ் ரெண்டாயிரத்து அறுநூறு. மூணு மாசம் இருந்தா உன் பாக்கி கழிஞ்சுரும். ஒண்ணாந்தேதி ஒண்ணாந்தேதி நான் வந்து பாப்பேன். தண்ணி நின்னுச்சுன்னு வை, அன்னிக்கே சாவியக் குடுத்துட்டுப் போய்கினே இருக்கணும். பாக்கியும் கிடையாது. இன்னா சொல்ற?"

கோபத்தில் விளையாட்டாகச் சொன்னார். நான் சாவிக்குக் கையை நீட்டிவிட்டேன்.

ஏன் நீட்டினேன் என்று சொல்ல வேண்டும். எனக்குக் கல்யாணம் ஆகி ஐந்து வருடம். என் மனைவி வேல்விழி ஒரு கம்பெனி கேன்டீனில் இட்லிப் பிரிவில் வேலை செய்கிறாள். அவளுக்கு லேடீஸ் ஹாஸ்டல், எட்டுப் பேருக்கு ஓர் அறை. எனக்கு ஆறு கொத்தனார்களோடு தகர ஷெட். ஹாஸ்டல் கேட்டுக்கு உள்ளே புருஷனாக இருந்தாலும் விடமாட்டார்கள். அவளுக்கு வார லீவு புதன்கிழமை. புதன் சாயங்காலம் சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில், இரண்டாம் பிளாட்பார பெஞ்சில், ஆளுக்கு ஒரு டீயோடு உட்கார்ந்திருப்போம். எங்கள் குடித்தனம் அவ்வளவுதான். போகிற ரயிலில் இருக்கிறவர்கள் எல்லாம் எங்களைப் பார்த்துக்கொண்டே போவார்கள்.

போனில் வேல்விழியிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"ஏட்டி, கேக்கா?"

"கேக்கு," என்றாள். "கதவு இருக்கா?"

"நாலு இருக்கு."

"உள்ள தாப்பாளா?"

"உள்ளதான் தாப்பாளு."

அன்றைக்கே ஹாஸ்டலைக் காலி செய்துவிட்டு, ஒரு டிரங்குப் பெட்டியும் இரண்டு பையுமாக ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினாள்.

கேட்டில் கண்ணப்பன் நின்றுகொண்டிருந்தார். அவர்தான் செக்யூரிட்டி. மூன்று மாதமாக என்னைத் தினமும் பார்த்தவர்.

"இன்னா டைல்ஸு, வேல முடிஞ்சுபோச்சுன்னாங்க? மறுபடியும் வந்துகினு கீற?" என்று வேலையாட்கள் நோட்டைத் தள்ளினார்.

நானும் பழக்கத்தில் பேனாவை எடுத்துவிட்டேன். எனக்கு எழுத்து வந்தது முப்பத்தேழு வயதில். அதனால் கட்டம் கட்டமாக மெதுவாகத்தான் நிரப்புவேன். பெயர் இசக்கி. வீடு எண் 304. 'வந்த காரியம்' என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. யோசித்து 'குடியிருக்க' என்று எழுதினேன்.

கண்ணப்பன் அதை இரண்டு தரம் படித்தார். பெட்டியைப் பார்த்தார். வேல்விழியைப் பார்த்தார். "யோவ், நெசமாவா? 304-லயா? பதினஞ்சாயிரத்துச் சொச்சம்யா!" என்றவர், சிரித்துக்கொண்டே தொப்பியைச் சரி செய்து ஒரு சல்யூட் வைத்தார். வைத்துவிட்டு, பெட்டியைச் சரக்கு லிப்டில்தான் ஏற்ற வேண்டும் என்றும் சொன்னார்.

உள்ளே வந்ததும் வேல்விழி முதலில் கதவைத் தாழ் போட்டாள். திறந்தாள். மறுபடி போட்டாள். பிறகு சுவிட்சுகளை ஆரம்பித்தாள். கூடத்தில் மட்டும் பதினான்கு சுவிட்ச். படுக்கையறைக்குப் போய் எனக்குப் போன் போட்டாள்.

"எங்க இருக்கிய?"

"ஹால்ல."

"நான் பெட்ரூம்ல இருக்கேன். ரொம்ப தூரமாப் போச்சு. எப்ப இந்தப் பக்கம் வருவிய?"

"அடுத்த ட்ரெயினுக்கு வாரேன்," என்றேன். போனிலும் சிரிப்பு, சுவருக்கு அந்தப் பக்கமும் சிரிப்பு.

பால் காய்ச்சினோம். அதிலும் ஒரு கூத்து. அடுப்பு கரண்டு அடுப்பு, கண்ணாடிப் பலகை மாதிரி இருந்தது. வேல்விழி அம்மாவீட்டு அலுமினியச் சட்டியில் பாலை ஊற்றி, கிழக்கு பார்த்து வைத்து, கைகூப்பி நின்றாள். கால் மணி நேரம் நின்றாள். பால் ஐஸ் மாதிரி இருந்தது. அந்த அடுப்புக்கு அலுமினியம் ஆகாது, இரும்பு சேர்ந்த பாத்திரம்தான் வேண்டும் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? கடைசியில் என் வேலைப் பையிலிருந்த எவர்சில்வர் டிபன் டப்பாவைக் கழுவி அதில் ஊற்றினோம். கொஞ்சப் பால்தான் பிடித்தது. ஆனால் அருமையாகப் பொங்கி வழிந்தது. "பொங்கிட்டு! பொங்கிட்டு!" என்று அவள் குதித்ததில் கீழ்வீட்டுக்கு நாங்கள் வந்தது தெரிந்திருக்கும்.

பிறகு குளிக்கப் போனாள். நான் கூடத்துத் தரையில், நான் போட்ட தரையில், காலை நீட்டிப் படுத்தேன். முதுகுக்குக் கீழே ஒரு டைல்கூட ஏறி இறங்கி இல்லை. எனக்கே பெருமையாக இருந்தது.

அப்போது குளியலறைக்குள்ளிருந்து சத்தம் கேட்டது. "ஏங்க, இந்தத் தண்ணிக்கு உங்களத் தேடுது போல! உங்களப் பாக்க வருது!"

எழுந்து பார்த்தால் கதவுக்கு அடியில் தண்ணீர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. சோப்பு நுரையோடு நடந்து வந்து படுக்கையறைக்குள் போனது.

நான் ரசமட்டத்தை எடுத்துக்கொண்டு ஓடினேன். குளியலறைத் தரையில் வைத்தேன். குமிழ் ஓட்டைப் பக்கம் ஏறி நின்றது. குமிழ் எப்போதும் மேட்டைத்தான் காட்டும். ஓட்டை மேட்டில் இருந்தது, வாசல் பள்ளத்தில். திருப்பி வைத்தேன், ரசமட்டத்தின் மேல் பழி போடலாம் என்று. அப்போதும் அதையேதான் காட்டியது. இருபது வருடத்தில் எனக்கு வராத தப்பு, தலைகீழ் வாட்டம்.

வேல்விழி ஈரத் தலையோடு வந்து எட்டிப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்துவிட்டேன். சிரித்து முடித்த பிறகுதான் இருவருக்கும் ஒன்றாம் தேதி ஞாபகம் வந்தது.

"பாக்கி போனாப் போவுது," என்றாள். "திரும்ப அந்த பெஞ்சுக்குப் போவணுமா?"

"போவண்டாம். ஒடச்சுத் திருப்பிப் போட்டுரலாம்."

"யாருக்கும் தெரியாமலா?"

அதுதான் சிக்கல். நீலாம்பரியில் சுத்தியல் பிடிக்க வேண்டும் என்றால் சங்கத்தில் அனுமதி வாங்க வேண்டும். அனுமதிக்கு வீட்டுக்காரர் கையெழுத்து வேண்டும். சங்கத்தின் செயலாளர் சுபஸ்ரீ மேடம், எங்களுக்கு நேர் கீழே 204-இல் இருக்கிறார். அங்கே ஊசி விழுந்தால்கூட அறிவிப்புப் பலகையில் எழுதிவிடுவார்.

ஆனால் சனிக்கிழமை பதினொரு மணிக்கு ஜெனரேட்டரை அரை மணி நேரம் ஓட்டிப் பார்ப்பார்கள். அந்தச் சத்தத்தில் பேச்சே கேட்காது. வேல்விழிக்குச் சனிக்கிழமைகளில் மட்டும் இரண்டாம் ஷிப்ட், மத்தியானம்தான் பஸ். அவள் பால்கனியில் நிற்பாள். ஜெனரேட்டர் உறுமியதும் கையை வீசுவாள். நான் உளியை வைத்து அடிக்க ஆரம்பிப்பேன். நின்றதும் கையைத் தூக்குவாள். நான் சுத்தியலை அந்தரத்தில் அப்படியே பிடித்துக்கொண்டு சிலையாகிவிடுவேன்.

முதல் சனிக்கிழமை நன்றாகப் போயிற்று. இரண்டாம் சனிக்கிழமை ஜெனரேட்டர் நடுவில் இருமிக்கொண்டு நின்றுவிட்டது. வேல்விழி கையைத் தூக்குவதற்குள் நான் நான்கு அடி அடித்துவிட்டேன். இரண்டே நிமிடத்தில் வாசல் மணி. சுபஸ்ரீ மேடம்.

"என்னம்மா சத்தம்? எங்க பாத்ரூம் சீலிங்கே அதிருது!"

நான் குளியலறைக்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வேல்விழி கொஞ்சமும் அசரவில்லை.

"எள்ளுப்பொடி இடிக்கேன் மேடம்."

"பாத்ரூம்லயா?"

"சத்தம் எங்கன இருந்து வருதுன்னு சொல்ல முடியாது மேடம், பெரிய கட்டடம்லா."

பிறகு மேடம் குரல் இறங்கியது. "உரல்ல இடிச்சதா? மிக்ஸி இல்லாம? எங்கம்மா கைப்பொடி சாப்பிட்டு எத்தனை வருஷமாச்சு தெரியுமா? எனக்குக் கொஞ்சம் தரியா?"

எங்களிடம் உரலும் இல்லை, எள்ளும் இல்லை. அன்று சாயங்காலம் நான் படப்பை வரைக்கும் போய் எள்ளும் மிளகாயும் உப்பும் ஓர் இடிகல்லும் வாங்கி வந்தேன். மறுநாள் காலையில் வேல்விழி அதை நிஜமாகவே இடித்தாள். மேடம் கீழே இருந்து கேட்டு ரசித்திருப்பார். அதற்கு அடுத்த வாரம் காலி டப்பாவோடு வந்து நின்றார். "இன்னும் கொஞ்சம் இடி, சத்தம் வந்தா நான் பாத்துக்கறேன்," என்றார். சங்கத்துச் செயலாளரே கொடுத்த அனுமதி!

உடைந்த டைல்ஸ் துண்டுகளை வெளியேற்ற வேண்டுமே. வேல்விழி தன் டிபன் பையில் தினமும் கொஞ்சம் எடுத்துப் போய் பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் இருந்த பள்ளத்தில் கொட்டினாள். பஸ்ஸில் கூட வருகிறவள், "அக்கா, சாப்பாட்டுப் பை என்னக்கா இப்படிக் கனக்குது?" என்று கேட்டாளாம். புது டைல்ஸ் மூன்று பெட்டி என் காசில் வாங்கினேன். அரிசிச் சாக்கில் போட்டுத் தோளில் தூக்கி வந்தேன்.

"இன்னாபா, அரிசியா? இவ்ளோ வெயிட்டு?" என்றார் கண்ணப்பன்.

"பழைய அரிசி," என்றேன்.

தரை இல்லாததால் குளிக்க முடியாது. நான் வேலை செய்கிற இடத்தில் குளித்தேன், அவள் கேன்டீனில் குளித்தாள். நீலாம்பரியில் குடியிருந்துகொண்டு வெளியே குளித்த ஆட்கள் நாங்களாகத்தான் இருப்போம். ஆனாலும் சொல்கிறேன், அந்த மாதம் போல ஒரு மாதம் என் ஆயுளில் வந்ததில்லை. வேலை முடிந்து உடம்பெல்லாம் வலியோடு வந்து மணியை அடித்தால், உள்ளேயிருந்து "யாரது?" என்று ஒரு குரல் கேட்கும். அதற்காகவே சாவி கையில் இருந்தும் மணி அடிப்பேன்.

நான்காம் சனிக்கிழமை. கடைசி டைலையும் பெயர்த்துச் சுத்தம் செய்து, ரசமட்டம் வைத்து நூல் கட்டி, கலவையைக் குழைத்து வைத்திருந்தேன். ஒன்றாம் தேதிக்கு நான்கு நாள் இருந்தது. ஒட்டிக் காயப்போட நேரம் சரியாக இருக்கும். அப்போது கேட்டிலிருந்து கண்ணப்பன் போன் செய்தார்.

"டைல்ஸு, உன் ஓனரு சங்க மீட்டிங்குக்கு வந்தாரு. அப்படியே மேல ஏறிகினு கீறாரு."

வேல்விழி ஓடிப் போய்க் கதவைத் திறந்தாள். "வாங்க சார், உக்காருங்க, டீ போடுதேன்," என்று வழியை மறித்து நிற்பது எனக்குக் கேட்டது.

"டீ அப்புறம் போடும்மா. கை கழுவிட்டு வர்றேன்."

"கையா? இங்க, சிங்க்ல கழுவுங்க சார்!"

"சிங்க்ல பாத்திரம் கீதே?"

கதவு திறந்தது. நான் கையில் கொத்துக் கரண்டியோடு மண்ணில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தேன்.

"இன்னா இது?"

"தரை சார்."

"தரை எங்க?"

என் நாக்கில் பொய் ஒன்று தயாராக இருந்தது. குழாய் ஒழுகியது, அதனால் திறந்தேன் என்று சொல்லலாம். அவர் நம்பியிருப்பார். ஆனால் ரசமட்டம் பக்கத்திலேயே கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டு எனக்குச் சொல்ல வரவில்லை.

"தப்பு என்னுதுதான் சார். தலைகீழா வாட்டம் குடுத்துட்டேன். நீங்க சொன்னதுதான் சரி. இத முடிச்சுக் குடுத்துட்டுச் சாவியத் தந்துருதேன். பாக்கிய விட்டுருங்க."

சார் ரசமட்டத்தை எடுத்துப் பார்த்தார். "நீ நல்ல வேலக்காரன்தானேய்யா. எப்புட்றா இது?"

"அன்னைக்குப் புதன்கிழம சார். சாயங்காலம் நாலு மணிக்கு ஸ்டேஷன்ல இவ வந்து காத்துட்டு இருப்பான்னு அவசரமாப் போட்டேன். மட்டம் வச்சுப் பாக்கல."

"எம் மேல பழியப் போடாதிய!" என்று பின்னாலிருந்து சீறினாள் வேல்விழி. "நான் அன்னைக்கு நாலரைக்குத்தான் வந்தேன்!"

சாருக்கு உதடு துடித்தது. "ஸ்டேஷன்ல எதுக்கும்மா?"

அவள் சொன்னாள். ஹாஸ்டலையும் பெஞ்சையும் டீயையும் சொன்னாள். ஜெனரேட்டரையும் எள்ளுப்பொடியையும் கூட விடாமல் சொல்லிவிட்டாள். சார் அங்கிருந்த பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டார். எள்ளுப்பொடி வந்தபோது கண்ணைத் துடைத்துக்கொண்டார், சிரித்துச் சிரித்து.

"ஆனா பேச்சு பேச்சுதாம்மா. தண்ணி நின்னா சாவின்னு சொல்லிக்கீறேன்."

"தரையே இல்லையே சார், தண்ணி எங்கன நிக்கும்?" என்று அவள் பக்கத்து வாளியைத் தூக்கினாள்.

"ஊத்தாத!" என்று நானும் அவரும் ஒரே நேரத்தில் கத்தினோம். ஊற்றினால் கீழே சுபஸ்ரீ மேடம் வீட்டில் மழை பெய்யும்.

சார் எழுந்தார். "சரி. பேச்சுப்படி ஒண்ணாந்தேதி வர்றேன். நீ வீசிக் காட்ட வேணாம், நானே ஊத்துறேன்."

ஒன்றாம் தேதி வந்தார். வாளி நிறையத் தண்ணீர் பிடித்து, வாசல் மூலையில் நின்று மெதுவாகச் சாய்த்தார். வேகமில்லை, வீச்சில்லை. தண்ணீர் ஒரு கணம் யோசித்தது போல இருந்தது. வேல்விழி என் முழங்கையை நகம் பதியப் பிடித்திருந்தாள். பிறகு தண்ணீர் கிளம்பியது. பரவாமல், தயங்காமல், வரிசையாகப் போய் ஓட்டையில் இறங்கியது. சார் குனிந்து கைவிரலால் தரையைத் தடவிப் பார்த்தார்.

"இப்ப இந்த வூட்ட நான் பதினெட்டாயிரத்துக்கு வுடலாம்," என்றார். நல்ல வாட்டம் போட்டு என் வீட்டை நானே வேறொருத்தனுக்குத் தயார் செய்துவிட்டேனே என்று இருந்தது. அவர் என்னைப் பார்த்துவிட்டுச் சொன்னார். "இன்னும் முப்பத்தோராயிரத்து இருநூறு பாக்கி கீது. அது தீர்ற வரைக்கும் உங்கள யாரும் அசைக்க முடியாது. போ, போய்க் குளி."

அன்றைக்கு வேல்விழி மூன்று தடவை குளித்தாள்.

இரண்டு மாதம் போனதே தெரியவில்லை. அதற்குள் சேரப்பணஞ்சேரியில் சாரே ஓர் அறை பார்த்துக் கொடுத்தார். ஒரே அறைதான், மூலையில் சமையல் மேடை, நாலாயிரத்து ஐந்நூறு வாடகை. நாங்கள் ஹாஸ்டலுக்கும் ஷெட்டுக்கும் கொடுத்துக்கொண்டிருந்ததைவிடக் குறைவு. ஐந்து வருடமாக இந்தக் கணக்கு எங்களுக்குத் தோன்றவே இல்லை. ஒருத்தருக்கு ஒரு படுக்கை என்றுதான் வாடகை கேட்டுப் பழகியிருந்தோம். இரண்டு பேருக்கு ஒரு கதவு என்று கேட்டதே இல்லை.

கடைசி நாள் சார் சாவி வாங்க வந்தார். பெட்டி, பை எல்லாம் கட்டி வைத்தாயிற்று. வேல்விழி மட்டும் அடுப்படியை விட்டு வரவில்லை.

"சார், சோறு இப்பதான் கொதிக்கி. குழம்பும் முடியல. ஒரு மணி நேரம் தருவியளா?"

"அதுக்கு வாடகை எங்கம்மா?" என்றார் அவர்.

"சாப்பாட்டுல கழிச்சுக்கிடுங்க."

மூன்று பேரும் கூடத்துத் தரையில் வட்டமாக உட்கார்ந்தோம். கருவாட்டுக் குழம்பு. சார் இரண்டு தடவை சோறு வாங்கினார். மூன்றாவது தடவைக்குக் கையை மறைத்தார். அவள் கையை விலக்கிவிட்டு வைத்தாள். சாப்பிட்டு எழுந்து கை கழுவியபோது, புருஷோத்தமன் சார் எனக்கு ஒரு பைசா தரவேண்டியிருக்கவில்லை.